பதில் சொல்ல ஆளில்லாத நேரத்திலும் ஓட வேண்டிய சிஸ்பிளெக்ஸ்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஐரோப்பிய நிதி நிறுவனம் ஒன்றின் மெயின்பிரேம் எனும் பெரிய கணினிகளைப் பராமரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், அந்தக் காலத்து இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றனவா என்றுதான் ஊரில் பலரும் கேட்பார்கள். நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அவற்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் ஓடும் பல முறைமைகளை ஒன்றாகக் கோத்து, ஒரே தரவுத்தளத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கி, ஒன்று விழுந்தாலும் மற்றவை சேவையைத் தொடரும்படி அமைக்கும் முறையை ஐபிஎம் நிறுவனம் 1994இல் பரலல் சிஸ்பிளெக்ஸ் என்ற பெயரில் அறிவித்தது. அதை அமைப்பது எப்படி என்று கையேடுகள் விரிவாகவே சொல்கின்றன. மின்சாரமும் இணைப்பும் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாத வன்னியில் இருந்து அதே வேலையைச் செய்தபோது, அந்தக் கையேடுகளில் எவற்றை முதலில் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு வேறு ஒழுங்கில் தெரிந்தது. அந்த ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது பெரிய அமைப்பு அல்ல. இரண்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு எல்பார் (தனிக் கணினிபோல் இயங்கும் பிரிவு), ஒவ்வொரு எல்பாரிலும் டிபி2 எனும் தரவுத்தள மென்பொருள் குழுவின் ஓர் உறுப்பினர், இவற்றுக்கு நடுவில் இரண்டு கப்ளிங் ஃபசிலிட்டிகள். ஒரு சிஸ்பிளெக்ஸில் 32 முறைமைகள் வரை சேரலாம் என்பதால் இது சிறிய குடும்பம்தான். நான்கு டிபி2 உறுப்பினர்களும் ஒரே வட்டுகளில் உள்ள ஒரே அட்டவணைகளைப் படிக்கின்றன, எழுதுகின்றன. எந்த நிரையை யார் பிடித்து வைத்திருக்கிறார், ஒருவருடைய நினைவகத்தில் உள்ள பக்கத்தை இன்னொருவர் மாற்றிவிட்டாரா என்ற பொதுக் கணக்கு கப்ளிங் ஃபசிலிட்டியில், அதாவது சிஎஃப்பில், லொக் (பூட்டு), கேஷ், லிஸ்ட் என்ற மூன்று வகை ஸ்ட்ரக்சர்களாக, அதாவது நினைவகத் தொகுதிகளாக, இருக்கிறது. எந்த முறைமை உயிரோடு இருக்கிறது, எந்தக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது என்ற விபரங்கள் வட்டில் உள்ள கப்பிள் டேட்டா செட்களில் இருக்கின்றன. எல்லா இயந்திரங்களின் நேரத்தையும் எஸ்டிபி எனும் நேர ஒத்திசைவு நெறிமுறை ஒன்றாக வைத்திருக்கிறது. அடிப்படை இவ்வளவுதான், சிக்கல் எல்லாம் இவற்றில் ஒன்று பாதியில் நின்றுபோகும்போதுதான் வருகிறது.

முழுதாகச் செத்த முறைமை ஒரு பிரச்சினையே அல்ல என்று நான் நினைக்கிறேன். மூச்சு மட்டும் இருக்கும், வேலை செய்யாது, ஆனால் பிடித்ததை விடாது என்ற நிலையில் உள்ள முறைமைதான் மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்து விழுத்தும். ஒவ்வொரு முறைமையும் சில செக்கன்களுக்கு ஒரு தடவை தன் நேர முத்திரையைச் சிஸ்பிளெக்ஸ் கப்பிள் டேட்டா செட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். அது இன்டர்வல் என்ற மதிப்பைத் தாண்டியும் எழுதாவிட்டால் (வழமையான மதிப்பு 85 செக்கன்) மற்ற முறைமைகள் அதைச் சந்தேகிக்கத் தொடங்கும். அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது எஸ்எஃப்எம் கொள்கை, அதாவது முறைமை ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விதிகள். அந்தக் கொள்கை நடைமுறையில் இல்லாவிட்டால் ஐஎக்ஸ்சி402டி என்ற செய்தி கொன்சோலில் வந்து நின்று, இந்த முறைமை இறந்துவிட்டதா என்று மனிதரிடம் கேட்கும். மனிதர் பதில் சொல்லும்வரை அந்த முறைமை பிடித்திருந்த லொக்குகள் பிடித்தபடியே இருக்கும். அவற்றுக்காகக் காத்திருக்கும் பரிவர்த்தனைகள் மற்ற மூன்றிலும் வரிசையாகத் தேங்கும். ஒன்றுக்கு வந்த நோயில் நான்கும் படுத்துவிடும்.

நான் குழுவில் சேர்ந்தபோது அங்கே எஸ்எஃப்எம் கொள்கை இல்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை. இயந்திர அறையில் இருபத்துநான்கு மணி நேரமும் ஒப்பரேட்டர் இருந்த காலத்தில், ஒரு முறைமையைக் கொல்லும் முடிவை மென்பொருளிடம் விடக் கூடாது என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான தீர்மானம். பிறகு ஒப்பரேட்டர்கள் குறைந்தார்கள். இரவுப் பொறுப்பு நேர வேறுபாட்டைக் காரணம் காட்டி எங்கள் பக்கம் வந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் இப்போது கிளிநொச்சியில், வீட்டின் முன்னறையில், இன்வெர்ட்டர் பட்டரி ஒன்றை நம்பி இருந்தார்.

2022ஆம் ஆண்டு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. இன்வெர்ட்டர் அவ்வளவு நேரம் தாங்காது. ஜெனரேட்டர் இருந்தாலும் அதற்குப் பெற்றோல் இல்லை. நீண்ட வெட்டில் கைபேசிக் கோபுரத்தின் பட்டரியும் தீர்ந்து சிக்னலும் போய்விடும். இரண்டு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருந்தும் இரண்டும் ஒன்றாகப் போன இரவுகள் இருந்தன. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்த எங்களுக்கு, இது ஒரு தடவை வந்து போகும் விசயமல்ல என்று தெரியும். ஆகவே வாடிக்கையாளரிடம் நான் வைத்த வாதம் எளிமையானது: பதில் சொல்ல ஆள் இருப்பார் என்ற அனுமானத்தை அமைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அவர்கள் தயங்கியதற்கு நல்ல காரணம் இருந்தது. அந்த ஐஎக்ஸ்சி402டி செய்திக்கு டவுன் என்று பதில் சொல்வதன் பொருள், அந்த முறைமை உண்மையிலேயே ரீசெட் செய்யப்பட்டுவிட்டது என்று மனிதர் உறுதி சொல்கிறார் என்பதுதான். ரீசெட் செய்யாமலே பதிலைக் கொடுத்தால், மற்ற முறைமைகள் அதனைக் கணக்கிலிருந்து நீக்கித் துப்புரவு வேலையைத் தொடங்கும். உறங்கிக் கிடந்த முறைமை கண்விழித்து, தான் இன்னும் உரிமையாளன் என்ற நினைப்பில் அதே வட்டில் எழுதும். தரவு கெட்டுப்போகும், எப்போது கெட்டது என்பதும் தெரியாது. சேவை நிற்பதை நிதி நிறுவனம் ஒன்று பொறுத்துக்கொள்ளும், கணக்குப் பிழைப்பதைப் பொறுக்காது. அவசரத்தில் டவுன் என்று தட்டிவிடும் தூர இடத்து ஒப்பரேட்டர்தான் இந்த ஆபத்தின் முதல் வாயில் என்பதை எடுத்துச் சொன்ன பிறகு விவாதம் திசைமாறியது. மென்பொருள் முடிவெடுப்பது ஆபத்து என்றிருந்த பேச்சு, சரிபார்க்க வழியில்லாத மனிதர் முடிவெடுப்பதுதான் பெரிய ஆபத்து என்ற இடத்துக்கு வந்தது.

கொள்கையில் வைத்தவற்றைச் சொல்கிறேன். ஐசொலேட்டைம் பூச்சியம்: நேர முத்திரையும் வரவில்லை, முறைமைகள் தமக்குள் பேசும் எக்ஸ்சிஎஃப் சமிக்ஞையும் வரவில்லை என்றால் காத்திராமல் தனிமைப்படுத்து. தனிமைப்படுத்தல் சிஎஃப் வழியாக நடக்கிறது. பாதிக்கப்பட்ட முறைமையின் உள்ளீடு-வெளியீட்டுப் பாதை முதலில் துண்டிக்கப்படும், அதன் பிறகே மற்றவை அதன் உடைமைகளைத் தொடும். நேர முத்திரை வரவில்லை, ஆனால் சமிக்ஞை வந்துகொண்டிருக்கிறது என்ற அரைகுறை நிலைக்கு எஸ்எஸ்யுஎம்லிமிட் என்ற தனி மதிப்பு உண்டு. அதை விட்டுவிட்டால் அந்த அரைகுறை நிலைக்கு மட்டும் கேள்வி மறுபடியும் மனிதரிடம் போய்விடும். ஒரு முறைமையில் சமிக்ஞையை எடுக்காமல் தேங்கவிடும் உறுப்பினரால் மற்றவை பாதிக்கப்படும்போது அதனை அகற்ற மெம்ஸ்டால்டைம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொள்கை முழுமையாகும். முதலாவதை மட்டும் வைத்துவிட்டு எஸ்எஃப்எம் போட்டாயிற்று என்று சொல்கிற இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை இங்கேயே சொல்ல வேண்டும், ஏனெனில் இது சத்தமில்லாமல் வேலை செய்யாமல் இருக்கும் வகை. இசட்/ஓஎஸ் 1.11இல் இருந்து, ஒரு முறைமை உண்மையில் செத்துவிட்டதா என்பதை மற்றொரு முறைமை பிசிபிஐஐ என்ற இடைமுகம் வழியாக இயந்திரத்திடமே கேட்டறிந்து, தேவையானால் ரீசெட்டும் செய்ய முடியும். இது இயங்கினால் 85 செக்கன் காத்திருக்கத் தேவையே இல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் பல. ஆனால் சிஸ்பிளெக்ஸ் கப்பிள் டேட்டா செட்டை ஐஎக்ஸ்சிஎல்1டிஎஸ்யு நிரலால் வடிவமைக்கும்போது எஸ்எஸ்டாட்டெட் என்ற உருப்படியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் வசதி இல்லை என்று சிஸ்பிளெக்ஸ் நின்றுவிடாது, பழைய வழியிலேயே அமைதியாகத் தொடரும். டிஸ்பிளே எக்ஸ்சிஎஃப், கப்பிள் என்ற கட்டளையின் வெளியீட்டை வரி வரியாகப் படிக்காதவருக்கு அது தெரியவராது. கப்பிள் டேட்டா செட்டை ஓட்டத்திலேயே பெரிதாக மாற்றலாம், ஆனால் பாவனையில் உள்ளதைவிடச் சிறிதாக வடிவமைத்ததை ஏற்றுக்கொள்ளாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எதிர்காலத்துக்கென்று அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால், அதைக் குறைக்க முழுச் சிஸ்பிளெக்ஸையும் நிறுத்த வேண்டி வரும்.

கப்பிள் டேட்டா செட்களை எங்கே வைப்பது என்பதில் எங்கள் நடைமுறை இதுதான். சிஸ்பிளெக்ஸுக்கான முதன்மைப் பிரதியும், சிஎஃப்களையும் அவற்றின் ஸ்ட்ரக்சர்களையும் விபரிக்கும் சிஎஃப்ஆர்எம் கொள்கைக்கான முதன்மைப் பிரதியும் ஒரே வட்டில் இருக்கக் கூடாது. ஒன்றின் முதன்மை இருக்கும் வட்டில் மற்றதன் மாற்று இருக்கலாம். மூன்றாவது வட்டில் வடிவமைத்துத் தயாராக ஒரு உதிரி இருக்க வேண்டும். முதன்மை போனால் மாற்று தானாக முதன்மையாகும், ஆனால் அந்தக் கணத்திலிருந்து மாற்று என்று ஒன்று இருக்காது. உதிரியை உடனே சேர்க்கும் கட்டளையைத் தானியக்கத்தில் எழுதிவையுங்கள். சிஸ்பிளெக்ஸ் கப்பிள் டேட்டா செட் இரண்டும் போனால் எல்லா முறைமைகளும் 0ஏ2 என்ற காத்திருப்பு நிலைக்குப் போய்விடும், அங்கே பேச்சுக்கு இடமில்லை.

அந்த வட்டுகளை முழு வட்டுக் காப்புப் பிரதி வேலைகளின் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், சேமிப்புக் குழு புதிதாகச் சேர்த்த காப்பு வேலையொன்று கப்பிள் டேட்டா செட் இருந்த வட்டை ரிசர்வ் செய்து வைத்துக்கொண்டது. வட்டுக்கு ஒன்றுமில்லை, முறைமைகளுக்கும் ஒன்றுமில்லை. நேர முத்திரை எழுத முடியாததால் நல்ல சுகத்தோடு இருந்த முறைமை செத்ததாகக் கருதப்பட்டது. காப்பு வேலை முடிந்ததும் அறிகுறிகளும் மறைந்துவிட்டதால், காரணத்தைத் தேடி எல்லோரும் வலையமைப்பைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடிக்க உதவியது, முறைமை தன் வேலைகளைக் குறித்துவைக்கும் எஸ்எம்எஃப் பதிவுகளில் இருந்த வேலை நேரங்களும் செய்தி வந்த நேரமும் ஒத்துப்போனதுதான்.

இனி, இந்த வேலையில் நான் மிக முக்கியம் என்று கருதும் விடயம். எந்த ஸ்ட்ரக்சர் எந்தச் சிஎஃப்பில் இருக்கிறது என்பதைவிட, அந்தச் சிஎஃப் யாரோடு ஒரே பெட்டிக்குள் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க இப்போது பெரும்பாலோர் தனி இயந்திரத்தில் சிஎஃப் வைப்பதில்லை. டிபி2 ஓடும் அதே இயந்திரத்தில் ஓர் எல்பாராக, ஐசிஎஃப் எனும் பிரத்தியேகச் செயலியில் ஓட்டுகிறார்கள். வேகத்துக்கு இது நல்லது. ஆனால் டிபி2 குழுவின் லொக் விபரங்களை வைத்திருக்கும் லொக்1 ஸ்ட்ரக்சரும், குழுவின் பொது நிலையைக் குறித்துவைக்கும் எஸ்சிஏவும் அங்கே தனிப் பிரதியாக இருந்தால், அந்த இயந்திரம் ஒன்று போனால் முழுக் குழுவும் போகும்.

எங்கள் இடத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கக் காணி உறுதியைத்தான் உதாரணமாகச் சொல்வேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்துக்கு உறுதி தொலைவதன் பாடு விளங்கும். கந்தோரில் இருந்த பதிவேடு எரிந்துபோனது, ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் உறுதியைக் கையில் வைத்திருக்கிறது என்றால், எல்லோரையும் கூப்பிட்டுப் பதிவேட்டைத் திரும்ப எழுதிவிடலாம். ஒரு குடும்பம் மட்டும் தன் உறுதியைத் தொலைத்தது, பதிவேடு பத்திரமாக இருக்கிறது என்றாலும் பிரச்சினையில்லை. பதிவேட்டை அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே வைத்திருந்து வீடு எரிந்தால், அவர்களுடைய காணி எது என்று சொல்ல ஊரில் யாராலும் முடியாது. அது தெரியாமல் வேறு எவருக்கும் ஒரு துண்டையும் எழுதிக்கொடுக்கவும் முடியாது. லொக் ஸ்ட்ரக்சர் மட்டும் போனால் உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் தங்களிடம் உள்ள விபரத்தைக் கொண்டு மற்றச் சிஎஃப்பில் அதைத் திரும்பக் கட்டுகிறார்கள். சில செக்கன்களில் முடிந்துவிடும். உறுப்பினர் மட்டும் போனால், அது மாற்றத்துக்காகப் பிடித்திருந்த லொக்குகள் ஸ்ட்ரக்சரில் தக்கவைக்கப்பட்டு, அது திரும்ப எழும்வரை அந்தத் தரவு பாதுகாக்கப்படும். இரண்டும் ஒரே நொடியில் போனால் திரும்பக் கட்ட முடியாது. மிஞ்சிய உறுப்பினர்களும் தாங்களாகவே விழுந்து, முழுக் குழுவும் மாற்றங்களின் பதிவுக் கோப்புகளைப் படித்து மீள ஆரம்பிக்க வேண்டியதுதான். உயர் கிடைப்புத்தன்மைக்கென்று காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது இயந்திரம் அந்த நேரத்தில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வழிகள் மூன்று. டிபி2 இல்லாத தனி இயந்திரத்தில் ஒரு சிஎஃப் வைத்து லொக்1ஐயும் எஸ்சிஏவையும் அங்கே வைப்பது முதலாவது. எனக்கு மிகவும் பிடித்தது, பணம் கொடுப்பவர்களுக்கு மிகவும் பிடிக்காதது. இரண்டாவது, முறைமை நிர்வகிக்கும் இரட்டிப்பு: ஒவ்வொரு லொக் கோரிக்கையும் இரண்டு சிஎஃப்களிலும் நடந்து, அவை தமக்குள் சமிக்ஞை பரிமாறிக்கொண்ட பிறகே பதில் வரும். பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு லொக்குக்கும் விலை கொடுக்கிறோம். மூன்றாவது, 2016இல் வந்த ஒத்திசைவற்ற லொக் இரட்டிப்பு. இரண்டாவது பிரதி பின்னால் வரும், முதலாவது காத்திராது, மாற்றங்களை நிரந்தரமாக்கும் கொமிட் நேரத்தில்தான் சரிபார்ப்பு. இதற்கு டிபி2 12உம், சிஎஃப் மட்டம் 21 அல்லது அதற்கு மேலும் தேவை. எங்கள் இயந்திரங்கள் புதியனவாக மாறிய பிறகு மூன்றாவதற்குப் போனோம். அதுவரை, டிபி2வை இயந்திரம் ஒன்றில் அதிகமும் இரண்டில் குறைவாகவும் ஓட்டி, லொக்1ஐக் குறைந்த பக்கத்தில் வைத்துச் சமாளித்தோம். அது ஆபத்தைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை என்பதை ஒவ்வொரு மாத அறிக்கையிலும் எழுதிக்கொண்டே இருந்தேன். அலுப்பாகத்தான் இருந்தது, ஆனால் வரவுசெலவு ஒதுக்கீடு வந்தபோது அந்த வரிதான் ஆதாரமாக நின்றது.

அறிவியல் நகரில் பொறியியல் படித்து முடித்த தம்பி ஒருவர் எங்களோடு சேர்ந்திருக்கிறார். ஒருநாள் சிஎஃப் ஒன்றுக்கு நுண்குறிமுறை மேம்படுத்தல் முடிந்து, வேலை சரி என்று எல்லோரும் எழும்பப் போகும் நேரம், அவர் டிஸ்பிளே எக்ஸ்சிஎஃப் வெளியீட்டைப் பார்த்துக்கொண்டே, “அண்ணை, எல்லாம் சிஎஃப்2இலைதானே நிக்குது. சிஎஃப்1 வெறுமையாக் கிடக்கு” என்றார். அவர் சொன்னது சரி. பராமரிப்புக்காக ஒரு பக்கத்திலிருந்து நகர்த்திய ஸ்ட்ரக்சர்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை. ஸ்ட்ரக்சர்களை உரிய இடங்களுக்கு மாற்றும் ரியலொகேட் கட்டளையை எவரும் கொடுக்காவிட்டால், இரட்டிப்பும் இல்லாமல் சுமைப் பகிர்வும் இல்லாமல் அடுத்த விபத்துவரை அப்படியே ஓடும். எந்தச் சேவையும் குறைபட்டதாகத் தெரியாது. “இதை எந்த அலாரமும் சொல்லாதோ?” என்று கேட்டார். எங்கள் கண்காணிப்பில் அப்படியொன்று இருக்கவில்லை. அவரையே எழுதச் சொன்னேன்.

இப்போது எங்கள் வரிசை இப்படிப் போகிறது: முதலில் டிஸ்பிளே எக்ஸ்சிஎஃப், ரியலொகேட், டெஸ்ட் என்று கொடுத்து, என்ன நடக்கும் என்று முறைமையே சொல்வதைப் படிக்கிறோம், பிறகு குறித்த சிஎஃப்பைப் பராமரிப்பு நிலையில் வைத்து ரியலொகேட் கொடுக்கிறோம், அது வெறுமையானதை உறுதிசெய்து வேலையை முடிக்கிறோம், பராமரிப்பு நிலையை நீக்கி மறுபடியும் ரியலொகேட். ஒவ்வொரு ஸ்ட்ரக்சரையும் தனித்தனியாக ரீபில்ட் கட்டளையால் நகர்த்துகிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். நள்ளிரவில் ஐம்பது பெயர்களைத் தட்டும் கை, ஐம்பத்தொன்றாவதை விட்டுவிடும். சிஎஃப்ஆர்எம் கொள்கையை மாற்றியபோது ஏதாவது ஸ்ட்ரக்சருக்கு மாற்றம் நிலுவையில் இருக்கிறது என்று காட்டினால், அதையும் இதே ரியலொகேட் தீர்த்துவிடும்.

ஒரு சிஎஃப் வெறுமையாக வேண்டுமானால் மற்றதில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்க வேண்டும். வைட் ஸ்பேஸ் என்று நாங்கள் சொல்லும் இந்தக் காலி நினைவகத்தை, சும்மா கிடக்கிறது என்று யாராவது வேறெதற்கும் எடுத்துவிடாமல் காப்பது தொடர்ச்சியான வேலை. சிஎஃப் மட்டம் உயரும்போது அதே ஸ்ட்ரக்சருக்கு அதிக இடம் தேவைப்படலாம் என்பதால், ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன் ஐபிஎம்மின் சிஎஃப்சைசர் கருவியில் அளவுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் பகிரும் தரவுப் பக்கங்களுக்கான சிஎஃப் கேஷ் ஸ்ட்ரக்சர்களான குரூப் பஃபர் பூல்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: இரட்டிப்பாக்குங்கள். இவற்றின் இரட்டிப்பை டிபி2 தானே நிர்வகிப்பதால், லொக்கின் இரட்டிப்போடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. இரட்டிப்பில்லாத பூல் ஒன்று போனால் அதைச் சார்ந்த அட்டவணைகள் ஜிரெக்ப் நிலைக்குப் போய், மாற்றங்களின் பதிவுக் கோப்பிலிருந்து மீட்கும்வரை தொட முடியாது. எந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது என்று குறிக்கும் அடைவுப் பதிவுகளும் தரவுப் பதிவுகளும் இயல்பாக 5:1 என்ற விகிதத்தில் இருக்கும். அடைவு போதாவிட்டால் எவரும் மாற்றாத பக்கங்கள்கூட உறுப்பினர்களின் நினைவகத்தில் செல்லாதவையாக்கப்பட்டு வீணாகத் திரும்பப் படிக்கப்படும். அந்த எண்ணிக்கையை மட்டும் கண்காணித்தாலே போதும்.

ஓர் உறுப்பினர் விழுந்தால் அது தக்கவைத்த லொக்குகளை விடுவிக்க ஒரே வழி அதைத் திரும்ப எழுப்புவதுதான். எழுப்ப அதன் சொந்த எல்பார் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தானாக மீள ஆரம்பிக்கும் விதிகளான ஏஆர்எம் கொள்கையில், முறைமை போனால் வேறு முறைமையில் லைட் என்ற முறையில் ஆரம்பிக்கும்படி எழுதிவைக்கலாம். குறைந்த நினைவகத்தில் எழும்பி, முடிக்காத வேலைகளை முடித்தோ திரும்பப்பெற்றோ, லொக்குகளை விட்டுவிட்டு, தானே அடங்கிவிடும். டிபி2வோடு அதன் லொக்குகளை நிர்வகிக்கும் ஐஆர்எல்எம்மும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். பரிசோதனைக்கு இயந்திரம் இல்லை என்பதும் காரணமாகாது: ஒரு முறைமைக்குள் பல மெய்நிகர் முறைமைகளை ஓட்டும் இசட்/விஎம்மின் கீழ் விருந்தினர்களாக இசட்/ஓஎஸ்களையும் மெய்நிகர் சிஎஃப்களையும் ஓட்டி, முழுச் சிஸ்பிளெக்ஸ் ஒன்றை ஒரே எல்பாருக்குள் கட்டலாம். எங்கள் தம்பிமார் முறைமைகளைக் கொன்று பழகுவது அங்கேதான்.

அமைப்பைச் சரியாகக் கட்டிய பிறகும் பயன்பாட்டு நிரல்கள் அதைத் தோற்கடிக்கலாம். கொமிட் செய்யாமல் மணிக்கணக்கில் ஓடும் ஒரு தொகுதி வேலை (பேட்ச்), தான் பிடித்த லொக்குகளோடு நிற்பதில்லை. எதற்கு முந்திய மாற்றங்கள் எல்லாம் கொமிட் ஆகிவிட்டன என்று காட்டும், முழுக் குழுவுக்கும் பொதுவான கொமிட் எல்லையைப் பின்னுக்கு இழுத்துவைத்து, மற்ற உறுப்பினர்களில் லொக் எடுக்காமலே படிக்கக்கூடியவர்களையும் லொக் எடுக்கவைக்கிறது. பரிவர்த்தனைகளை நடத்தும் சிக்ஸ் மென்பொருளில் ஓடும் நிரல் ஒன்று தற்காலிக வரிசையைத் தன் பிராந்தியத்திலேயே வைத்திருந்தால், அந்தப் பயனாளர் அந்த ஒரு பிராந்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். மற்ற மூன்று முறைமைகளும் இருந்தும் அவருக்குப் பயனில்லை. வரிசையைச் சிஎஃப்பில் பகிர்ந்து வைப்பது கடினமான வேலை அல்ல, எந்த நிரல்கள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடிப்பிடிப்பதுதான் கடினம். எங்களிடத்தில் அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

தூர இடத்திலிருந்து வேலை செய்பவருக்கு இரண்டு குறிப்புகள். மெயின்பிரேமின் எழுத்துத் திரையான 3270 என்பது 24 வரி, 80 எழுத்து, மொத்தம் 1920 எழுத்துகள். மோசமான கைபேசி இணைப்பிலும் அது ஓடும். ஆகவே படம் காட்டும் புதிய கருவிகள் இருந்தாலும், அவசரத்துக்கான எல்லாக் கட்டளைகளையும் 3270இல் செய்யும் பழக்கத்தை விடக் கூடாது. மற்றது, நடைமுறைக் கையேட்டைக் கடதாசியில் அச்சிட்டு வைத்திருக்க வேண்டும். கரண்ட் போன வீட்டில், கைபேசி வழியாக வெளிநாட்டில் இருக்கும் சக ஊழியருக்குக் கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொன்ன சந்தர்ப்பம் எனக்கு உண்டு. ஏ4 தாள் இல்லாவிட்டால் அது நடந்திராது.

சமீபத்தில் வாடிக்கையாளர் கேட்டது, இரண்டாவது இயந்திரத்தைப் பல பத்துக் கிலோமீற்றர் தள்ளி வைத்து, அதே சிஸ்பிளெக்ஸை இரண்டு இடங்களுக்கும் நீட்டலாமா என்பது. நாங்கள் கணக்கொன்றைப் போட்டுக் கொடுத்தோம். ஃபைபருக்குள் ஒளி கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 மைக்ரோசெக்கன் எடுக்கும், போய்வர 10. பத்துக் கிலோமீற்றர் தள்ளி இருக்கும் சிஎஃப்புக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 100 மைக்ரோசெக்கன் கூடும். அதே இடத்தில் இருக்கும் சிஎஃப் சில மைக்ரோசெக்கன்களிலேயே பதில் தந்துவிடும். இரவுத் தொகுதி வேலை ஒன்று ஒரு கோடிக் கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், கூடும் நேரம் மட்டும் 1000 செக்கன். ஒத்திசைவான கோரிக்கையென்றால் அந்த நேரமெல்லாம் செயலி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதற்கும் மென்பொருள் உரிமக் கட்டணம் ஏறும். நாற்பது கிலோமீற்றருக்கு இதை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். கணக்கைப் பார்த்த பிறகு அவர்கள் சிஸ்பிளெக்ஸை ஒரே வளாகத்தின் இரண்டு கட்டடங்களில் வைத்துக்கொண்டு, தூர இடத்துக்கு வட்டுகளை மட்டும் ஒத்திசைவற்ற முறையில் பிரதி எடுக்கத் தீர்மானித்திருக்கிறார்கள். தூர இடத்துக்கு மாறும் முடிவை மட்டும் மனிதரிடமே விட்டிருக்கிறோம். கடைசிச் சில செக்கன்களின் தரவு இழக்கப்படலாம் என்பதால் அதற்குக் கையெழுத்துப் போடுபவர் வாடிக்கையாளரின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் எழுதியாயிற்று.